கன்னிக்காலடியில் ஒரு முட்டை

எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவமானம் வந்தால் பங்கு போட ஆள் இருக்காது.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. சிட்னிக்கு வந்து, மற்றவன் ஊற்றிய சீமெந்தைச் சவளால் தள்ளத் தொடங்கி, இன்று என் பெயர் எழுதிய லொறிகளை ஓட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறேன். பரமட்டாவிலிருந்து பிளாக்டவுன்வரை என் கொங்கிறீற்றில் ஏறாமல் ஒருவரும் போக முடியாது. (வீதியால் போனால் போகலாம். நான் சொல்வது வீட்டு வாசல்களை.)

என் வீட்டுப் பின்வளவை நீங்கள் பார்க்க வேண்டும். குசினி வாசலிலிருந்து வேலிவரை ஒரே கொங்கிறீற். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நான் நினைத்தேனோ அந்தப் பக்கம்தான் இன்றும் ஓடுகிறது. ஓடைப்பக்க வேலியோரம் மட்டும் ஒரு கீலம் மண் விட்டிருந்தேன். கறிவேப்பிலை நடுவதற்கு மண் விடாவிட்டால் சமைக்க மாட்டேன் என்று என் மனைவி செல்வி சொன்னபடியால் விட்ட மண்.

அந்த மண்ணுக்குத்தான் அவர் வந்தார்.

கறுப்பு உடம்பு, மயிரில்லாத சிவப்புத் தலை, கழுத்தில் மஞ்சளாகத் தொங்கும் தோல். கட்டுமான இடத்தில் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு நிற்கும் கொந்தராத்துக்காரனைப் போலவே இருந்தார். இங்குள்ளவர்கள் பற்றைவான்கோழி என்ற கருத்தில் ஒரு பெயர் சொல்வார்கள். பறக்கத் தெரிந்தும் நடந்துதான் திரிவார். வந்த நாளிலிருந்து ஒரே வேலை. பின்பக்கமாக நின்று, காலால் இலைகளை வாரி வாரி எறிவது. ஓடைக்கரை இலை, பக்கத்து வீட்டு இலை, செல்வியின் கறிவேப்பிலைக் கன்றுக்கு நான் காசு கொடுத்து வாங்கிப் போட்ட மரச்சீவல், எல்லாம் என் கொங்கிறீற்றின் மேலால் இழுபட்டு வேலி மூலைக்குப் போனது. தண்ணீர்க் குழாயால் அடித்தேன். நனைந்துகொண்டே வாரினார். பழைய கதவொன்றைக் குறுக்கே வைத்தேன். கதவைச் சுற்றி வாரினார். கடைசியில் என் இடுப்புயரத்துக்கு ஒரு மேடு எழும்பிவிட்டது.

அந்த நேரத்தில் என் மகன் துவாரகன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, அது நேட்டிவ் பேர்ட். தொடாதேங்கோ" என்றான். கணினி வேலை செய்கிறவன் பறவையைப் பற்றி என்னத்தைக் கண்டான் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துவாரகனுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. பெண் ஆரணி, மெல்பேர்ன் ட்ருகனினாவில் வளர்ந்தவள். பறவைகளுக்குப் பொறுப்பான உத்தியோகம் என்று மகன் சொன்னான். நான் அதைப் பெரிய கோழிப்பண்ணை என்று விளங்கிக்கொண்டு, மருமகள் பண்ணை மனேச்சர் என்று சிட்னி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். (நான் அவளிடமே, கலியாணத்துக்குப் பிறகு இறைச்சி மலிவாக வருமோ என்று கேட்டதையும், அவள் என்னைப் பார்த்த பார்வையையும் இங்கே விரிக்க விரும்பவில்லை.)

ஆரணிக்குத் தாய் இல்லை. பெரியம்மாதான் வளர்த்தவர். பெரியம்மா ஓம் என்றால் அந்த வீட்டில் எல்லாரும் ஓம். ஆரணியின் தகப்பன்கூட, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் முதலில் பெரியம்மாவைத்தான் பார்ப்பார். சாதகப் பொருத்தம் மத்திமம் என்பதால் பெரியம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

எங்கள் வழக்கத்தில் கலியாணத்துக்குச் சில நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள். தாலிக்குரிய பொன்னை நல்ல நேரத்தில் உருக்கி, அன்றே ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், முள்முருக்கந்தடி ஒன்றைக் கன்னிக்காலாக நட வேண்டும். பொன்னுருக்கிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். நட்ட கன்னிக்காலைக் கலியாணம் முடியும்வரை அசைக்கவும் கூடாது.

என் ஈசான மூலையில் இருப்பது கொங்கிறீற். பெற்ற பிள்ளைக்காக என்றாலும் அதை உடைக்க எனக்கு மனம் வருமா? பெரிய நீலப் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டினேன். அதற்குள் மண் போட்டுக் கன்னிக்காலை நடலாம் என்பது என் யோசனை. கடையில் மண் மூட்டை வாங்குங்கோ என்றாள் செல்வி. கண்ணுக்கு முன்னால் மலைபோல் மண்ணிருக்க மூட்டை வாங்குகிறவன் முன்னேற மாட்டான்.

முதல் நாள் மாலை சவளோடு மேட்டுக்குப் போனேன். அவர் வேலியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டின் வயிற்றில் வெட்டிக் கையை விட்டேன். சூடு! போர்வைக்குள் கையை விட்டதுபோல. செல்வியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இப்படி உக்கிய பசளை எந்தக் கடையிலும் இல்லை, இதில் நட்டால் தடி நாளைக்கே துளிர்க்கும் என்று சொன்னேன். "அந்தக் கோழி பாவம், மாதக்கணக்காக் கிண்டினது" என்றாள் அவள். பீப்பாயை நிரப்பி, மஞ்சள் துணியால் சுற்றி, ஈசான மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் வைத்தேன். நிம்மதியாக நித்திரையும் கொண்டேன். நான் கடைசியாக நிம்மதியாகப் படுத்தது அன்றுதான்.

மறுநாள் காலை பெண் வீட்டார் வந்தார்கள். ஆரணி மட்டும் பிளாக்டவுனில், அவர்கள் இறங்கியிருந்த வீட்டில் நின்றாள். பொன்னுருகியது. கன்னிக்கால் நட்டாயிற்று. தேங்காய், மாவிலை, மஞ்சள் துணி எல்லாம் கட்டிப் பார்த்தபோது, இந்த நாட்டில் இவ்வளவு எடுப்பான கன்னிக்காலை ஒருவரும் நட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கே பட்டது. மண்ணையும் நான்தான் தயாரித்தேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். கேட்காமலே சொன்னேன்.

சுமங்கலிகள் ஒவ்வொருவராகக் கன்னிக்காலடியில் பாலும் தண்ணீரும் ஊற்றி நவதானியம் தூவ வேண்டும். பெரியம்மா கடைசியாக வந்து செம்பை முழுவதும் கவிழ்த்தார். ஈரம் பட்ட மண் மெல்ல அமர்ந்தது. தடிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பெரியம்மா குனிந்து ஒரு விரலால் மண்ணைத் தட்டினார்.

"முட்டை" என்றார்.

சந்தனம் பூசிக்கொண்டிருந்த நாலு பேரும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். வாசகர்களில் எங்கள் ஆட்கள் அல்லாதவர் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மங்கலக் காரியத்தில் முட்டை மச்சம், அதாவது அசைவம், அது ஒரு குற்றம். ஆனால் மண்ணில் புதைத்த முட்டை மச்சத்தோடு நிற்காது. ஒரு குடும்பத்தை அழிக்க நினைப்பவர்கள் முட்டையை மந்திரித்து வாசலில் புதைப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். அதுவும் கோழி முட்டையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான ஒரு முட்டை, கன்னிக்காலடியில்.

"செய்வினை" என்றார் பெரியம்மா. சத்தம் போடாமல்தான் சொன்னார். "ஆரோ இந்தப் பிள்ளையள் வாழக்கூடாதெண்டு செய்திருக்கினம். இதுக்கு மேல நான் என்னெண்டு பிள்ளையைத் தாறது?"

ஆரணியின் தகப்பன் என்னைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்தார். மண்டபம், சாப்பாடு, கனடாவிலிருந்து விமானம் ஏறிவிட்ட சனம் எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. பிறகு துவாரகனின் முகத்தைப் பார்த்தேன். பட்டு வேட்டியோடு, குழந்தையில் விளையாட்டுச் சாமான் உடைந்தால் நிற்பானே, அப்படி நின்றான். அதற்குப் பிறகு மண்டபம் நினைவில் இல்லை.

முட்டை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. வாய்தான் வேறு பாதையில் போனது. "அது நான்தான் போட்டனான். பசளைக்கு" என்றேன்.

"இவ்வளவு பெரிய முட்டை எந்தக் கடையில வாங்கினீங்கள்?" என்றார் பெரியம்மா.

நான் ஒரு கடையின் பெயரைத் தேடினேன். அதற்குள் சபையின் கண் வேறு பக்கம் திரும்பத் தொடங்கியது. செல்வியின் ஒன்றுவிட்ட தங்கை ராணி மச்சாள் தன் மகளைத் துவாரகனுக்குக் கேட்டு, சரிவராமல் போனது எல்லாருக்கும் தெரியும். காலையில் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று கோலம் போட்டதும் ராணி மச்சாள்தான். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவவுக்கு இரண்டு பக்கமும் இருந்த கதிரைகள் காலியாகிவிட்டன. கையில் பூத்தட்டை வைத்துக்கொண்டே அவ அழத் தொடங்கினா.

பெருமை பேசுகிறவன் கெட்டவனாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமில்லையே. சொன்னேன். பின்னாலே ஒரு பறவை மேடு கட்டியிருக்கிறது, அந்த மேட்டு மண்தான் இது, அது இட்ட முட்டைதான் இது, ராணிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு ஏறியது. ஏனென்றால் ஒருவரும் நம்பவில்லை.

"சம்பந்தி, நான் ஊரில கோழி வளத்தனான்" என்றார் பெரியம்மா. "கோழி முட்டையில குந்தியிருக்கும். ஒரு மனுசன்ர இடுப்புயரத்துக்கு மண்ணைக் கும்பிச்சு உள்ளுக்கை முட்டையைப் புதைச்சிட்டுப் போற கோழி எங்கை இருக்கு?"

கேட்கும்போது எனக்கே அது பொய்போல்தான் இருந்தது. வேலியைக் காட்டினேன். மற்ற நாளெல்லாம் அங்கே நிற்கிற அந்தப் பறவையார், அன்று பார்த்து இல்லை.

துவாரகன்தான் கைப்பேசியை எடுத்தான். "ஆரணியைக் கேப்பம். அவளின்ர வேலையே இதுதான்."

அவள் வேலை கோழிப்பண்ணை இல்லை என்பதை அவன் அந்தச் சபையில் விளக்கினான். விக்டோரியாவின் வடமேற்கில், காய்ந்த பற்றைக்காட்டில், இதேபோல் மண்மேடு கட்டுகிற இன்னொரு பறவை இருக்கிறதாம். மல்லீக்கோழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அழிந்துபோகும் ஆபத்தில் இருக்கிற இனம். அதன் மேடுகளைத் தேடி நடப்பதும், நரி தோண்டாமல் காப்பதும்தான் ஆரணியின் உத்தியோகம். அப்படிப்பட்டவளுக்கு மாமனாராகப் போகிறவன், நரி செய்கிற வேலையைச் சவளால் செய்திருக்கிறேன்.

முகம் பார்க்கக்கூடாதே என்ற சிக்கல் அடுத்து வந்தது. வீடியோவில் பார்த்தாலும் பார்த்ததுதான் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். ஆகவே துவாரகனைக் கார் கொட்டிலுக்குள் விட்டு உருட்டுக்கதவை இறக்கினோம். கைப்பேசியை என் கையில் தந்தார்கள். ஆரணிக்குத் தெரியும்படி அதைப் பீப்பாய்க்கு மேலே பிடித்தேன்.

அவள் முட்டையைப் பார்த்தாள்.

"மாமா, இதை ஆர் தோண்டினது?"

"நான்தான், பிள்ளை."

"மண் இன்னும் சூடா இருக்கோ?"

கையை விட்டுப் பார்த்து, இளஞ்சூடு என்றேன். "மூடி விடுங்கோ. அசைக்காதேங்கோ. நான் வாறன்" என்றாள்.

பெரியம்மா கைப்பேசிக்குள் குனிந்து, பொன்னுருக்கின பிறகு மாப்பிள்ளை வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்று தொடங்கினார்.

"பெரியம்மா, துவாவைப் பூட்டித்தானே வைச்சிருக்கிறியள். அப்பிடியே வைச்சிருங்கோ."

அவள் வரும்வரை நான் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. பிளாக்டவுனிலிருந்து எங்கள் வீடு தூரமில்லை. ஆனால் என் வாழ்நாளில் நான் ஊற்றிய கொங்கிறீற் எதுவும் இறுகுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கலியாணத்தை நிறுத்தி விடுவாளோ, அதிகாரிகளுக்கு அறிவிப்பாளோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், வேறு முட்டைகளையும் சவளால் வெட்டிவிட்டேனோ என்பது. பீப்பாயைப் பார்க்கவே கண் கூசியது. செல்வி ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் சொல்லாமல் விட்ட 'நான் சொன்னனான்' அது ஒன்றுதான்.

ஆரணி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலில் யாருடையதோ பெரிய சப்பாத்து. என்னைப் பார்க்கவில்லை. நேரே பீப்பாய்க்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். "கன்னிக்கால் அசையக்கூடாது, அவ்வளவுதானே பெரியம்மா? அப்ப பிடியுங்கோ." பெரியம்மா ஒரு பக்கம் தடியைப் பிடித்தார். மற்றப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆரணி திரும்பி, அழுது முகம் வீங்கியிருந்த ராணி மச்சாளை, விவரம் ஒன்றும் தெரியாமலே, "அன்ரி, நீங்கள் வாங்கோ" என்றாள். சற்று முன் செய்வினைக்காரியாக இருந்தவவும் அதைக் கண்டுபிடித்தவரும் ஒரே தடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் பட நின்றார்கள்.

மருதாணி போட்ட விரல்களால் ஆரணி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். முதல் முட்டை முழுதாக வந்தது. அடியில் இன்னொன்று. அதுவும் முழுது. உடைந்த ஓடு ஒன்றுமில்லை என்று அவள் சொன்னபோது, நான் கும்பிட்டது எந்தத் தெய்வத்தை என்று எனக்கே தெரியாது.

இரண்டாவதைக் காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்து, "மாமா, இஞ்ச வாங்கோ" என்றாள். அதை என் காதில் வைத்தாள். உள்ளே நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். மெல்லிய சத்தம்தான். என் வாய் மூடிக்கொண்டது. (இதற்கு நேரில் கண்ட சாட்சிகள் உண்டு.)

பெரியம்மாவுக்கும் கேட்கக் கொடுத்தாள். அவர் தடியை விடாமலே தலையைச் சாய்த்துக் கேட்டார். "உயிர் கிடக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செய்வினை முட்டையில உயிர் இருக்காது" என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றி எழுதினார். ராணி மச்சாள் இப்போது வேறு விதமாக அழுதா.

முட்டைகளை மேட்டுக்குள் திருப்பி வைப்பதற்கு ஆரணி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆண் பறவை நாளும் அலகை மண்ணுக்குள் விட்டுச் சூடு பார்க்குமாம். கூடினால் இலையை விலக்குமாம், குறைந்தால் மேலே போடுமாம். பெட்டை வந்து முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடுமாம். குஞ்சு பொரித்ததும் தானே மண்ணைக் கிண்டி வெளியே வந்து, தாயும் தகப்பனும் இல்லாமல் ஓடிவிடுமாம்.

"இது அழியப் போற பறவை இல்லை மாமா" என்றாள். "ஒரு காலத்தில சனம் பஞ்சத்தில பிடிச்சுத் திண்டு இந்தப் பக்கமெல்லாம் இல்லாமப் போச்சு. பிறகு சட்டம் வந்தது. தொடக்கூடாது, முட்டையும் எடுக்கக்கூடாது எண்டு. அதால இப்ப ஊருக்குள்ள திரும்பி வருது. என்ர பறவை அப்பிடியில்லை. நான் நாள் முழுக்க நடந்து போய்ப் பாத்தா, பழைய மேடு கிடக்கும், கட்டின பறவை இராது." மண்ணைத் தட்டி மூடினாள். "நாங்கள் அங்க ஒண்டு வராதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம். உங்கட வீட்டுக்குத் தானா வந்து கட்டியிருக்கு. நீங்கள் அதில தடி நட்டிருக்கிறியள்."

திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கன்னிக்கால் நிற்பதற்கு வேண்டிய மண்ணைப் பீப்பாயில் விட்டு, மிச்சத்தை என்னைக்கொண்டே வாளி வாளியாகத் திருப்பிக் கொட்டுவித்தாள். சபை முழுவதும் பார்த்தது. பட்டு வேட்டி, சரிகைச் சால்வை, கையில் வாளி. அப்போதுதான் அவர் வேலிமேல் வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக, நான் கொட்டிய மண் அவ்வளவையும் காலால் எறிந்து, தன் கணக்குக்குத் திருப்பி அடுக்கத் தொடங்கினார். என் வேலையை யாரும் அப்படி முகத்துக்கு நேரே திருத்தியதில்லை.

ஆரணி போன பிறகுதான் மாப்பிள்ளை கொட்டிலுக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. கதவைத் தூக்கினோம். வியர்த்து வழிந்துகொண்டு வந்தவன், கதவின் கீழ் இடைவெளியால் அவளின் சப்பாத்துக்காலைக் கண்டுவிட்டதாகத் தானாகவே ஒப்புக்கொண்டான். எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தோம். அவர் யோசித்து, "சப்பாத்துத்தானே. முகமில்லை" என்றார். அதோடு கலியாணம் உறுதியானது.

மணவறையில் தாலி கட்டி முடிந்து, இருவரும் எங்கள் காலில் விழுந்து எழும்பினார்கள். ஆசீர்வாதம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆரணி முந்திக்கொண்டு, "மாமா, மேடு?" என்று காதுக்குள் கேட்டாள். காலையில் பார்த்தேன், மேல் பக்கம் ஒரு குழி விழுந்து கிடந்தது, அதிலிருந்து சின்னச் சின்னக் காலடி வேலிப்பக்கம் போயிருந்தது என்றேன். கலியாணப் படங்களில் அவள் பல்லுத் தெரியச் சிரிக்கிற படம் அந்த ஒன்றுதான். பக்கத்தில் நிற்கும் துவாரகனுக்கு ஏன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

கதை சும்மா இருக்குமா? பெரியம்மா மெல்பேர்னில் பரப்பினார், ராணி மச்சாள் சிட்னியைப் பார்த்துக்கொண்டா. இப்போது எங்கள் ஆட்கள் வீட்டில் எங்கே பொன்னுருக்கல் என்றாலும் எனக்கு முதல் நாளே அழைப்பு வருகிறது. "அண்ணை, கன்னிக்கால் மண்ணை ஒருக்கா வந்து பாத்துத் தாங்கோ, முட்டை கிட்டை கிடக்கோ எண்டு." கேலிக்குத்தான் கூப்பிடுகிறார்கள். போய்ச் சேர்ந்தால் பத்துப் பேர் சிரிப்பதற்கென்றே காத்திருப்பார்கள்.

நான் போகிறேன். சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கைவரை மண்ணுக்குள் கையை விட்டு, அடிவரை தடவிப் பார்க்கிறேன். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை கையை எடுப்பதில்லை.